தெர்மாகோல் நொய்யல் போதும், ஒரு கிணற்றை அளக்கச் சொல்லுங்கள்

பெறுநர்: கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அறிவியல் வழிகாட்டி ஆசிரியர்கள், மாணவர் ஆய்வுகளுக்கு மதிப்பெண் போடும் நடுவர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

‘நாட்டு வளம் பேணல்’, ‘நீடித்த வளர்ச்சி’ என்ற தலைப்பில் மாணவர் ஆய்வு கேட்டுச் சுற்றறிக்கை வந்தால் நம் பள்ளிகளில் முதலில் நடப்பது, ஸ்டேஷனரிக் கடைக்கு ஆள் போவது. நீலப் பெயின்ட் அடித்த தெர்மாகோலில் ஒரு நொய்யல், சாயம் ஏற்றிய மரத்தூளில் வயல், ஓரமாகப் பேட்டரியில் சுற்றும் ஒரு சுத்திகரிப்பு நிலையம். பத்து நாளில் வேலை முடிந்துவிடும். கண்காட்சி முடிந்த அன்று மாலையே அந்த ஆறு குப்பைமேட்டுக்குப் போகும். நீடித்த வளர்ச்சி பற்றிய ஆய்வில் கடைசியில் மிஞ்சுவது மக்காத தெர்மாகோல். கிண்டலுக்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் கிண்டலும்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மாதிரி செய்து வரச் சொல்வதை விடுங்கள். ஒரே இடத்தை, ஒரே முறையில், மாதக்கணக்கில் அளந்து எழுதிய நோட்டைக் கேளுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் புதுத் தலைப்பு தேடி அலையாமல் அதே நோட்டை வாங்கித் தொடரட்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவை இந்த ஆய்வறிக்கைகளின் முதல் பக்கத்தில் தவறாமல் பார்க்கலாம். 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் சேர்ந்த அடிப்படைக் கடமைகள் அவை. காடு, ஏரி, ஆறு, வன உயிர்களைக் காக்க வேண்டும் என்கிற ‘ஜி’ உட்பிரிவை எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள். அதற்கு அடுத்த வரியான ‘எச்’, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் நாட்டத்தையும் வளர்த்துக்கொள்வது குடிமகனின் கடமை என்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை. முதலாவதைச் செய்ய இரண்டாவது வேண்டும். கிணறு எவ்வளவு இறங்கியது என்று தெரியாதவர் அதைக் காப்பது எப்படி?

ஆண்டுதோறும் பரிசு வாங்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பாட்டிலை அறுத்துக் கவிழ்த்து, கூழாங்கல், மணல், கரி அடுக்கி, மேலே நீல மையைக் கரைத்து ஊற்றுவார்கள். கீழே தெளிந்த தண்ணீர் சொட்டும். ‘சாயக்கழிவுநீரைச் சுத்தம் செய்யும் எளிய முறை’ என்று அட்டை தொங்கும். இது பாதி உண்மை. அதனாலேயே முழுப் பொய்யைவிட அதிகம் கெடுதல் செய்கிறது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும்; நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து லிட்டருக்குப் பல பத்து கிராம் போடுவார்கள். சாயம் துணியில் ஒட்டும், உப்பு ஒட்டாது. போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வரும். கரி நிறத்தைப் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. இந்தக் கழிவுநீர் கலந்த நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரை, யாருடைய வயலுக்கென்று கட்டினார்களோ அவர்களே திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது உப்பால். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றானதும் அதன் தொடர்ச்சி. அந்த முறையில் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வும், மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்கும் ஆவியாக்கியும் இருப்பது ஏன் என்று கரி வடிகட்டி செய்த பிள்ளையிடம் கேட்டால் பதில் இருக்காது.

அதே பாட்டிலை நல்ல ஆய்வாக்க, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் உப்பும் சில சொட்டு மையும் கலந்து அளக்கவும். வடிகட்டியில் ஊற்றி, முதலில் வரும் அரை லிட்டரைக் கீழே விட்டுவிடவும். மணலில் முன்பே தங்கியிருந்த தண்ணீர் அதில் கலந்து அளவைக் குறைத்துக் காட்டும். பல பள்ளிகளில் ‘உப்பு 30 சதவீதம் குறைந்தது’ என்று எழுதுவது இந்த ஏமாற்றத்தால்தான். பிறகு வருவதை அளந்தால் நிறம் போயிருக்கும், எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அடுப்புக்கரியைச் சாம்பலோடு போட்டிருந்தால் எண் கூடவும் செய்யும். ‘இந்த வடிகட்டி உப்பை எடுக்கவில்லை’ என்று முடிவெழுதும் மாணவிக்கு முதல் பரிசு கொடுங்கள் ஐயா. ‘எடுக்கவில்லை’ என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

மீட்டர் என்றதும் அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோட்டில் நாங்கள் பார்க்கும் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. பேனா அளவு மீட்டர் உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் காரணி சில மீட்டர்களில் 0.5, சிலவற்றில் 0.7. ஆகவே ஒரே கிணற்றுத் தண்ணீரில் ஒரு பள்ளியின் மீட்டர் 1000 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) என்றும் பக்கத்துப் பள்ளியின் மீட்டர் 1400 என்றும் காட்டலாம். இரண்டும் பழுதில்லை. இது தெரியாமல் இரண்டு ஊர்த் தண்ணீரை ஒப்பிட்டு அறிக்கை எழுதினால் அது வீண்.

சோதிப்பது எளிது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் இரண்டு லிட்டர் வாங்குங்கள். கேன் தண்ணீர் ஆகாது, அதிலேயே உப்பு உண்டு. சமையலறைத் தராசில் 1 கிராமை நம்பி நிறுக்க முடியாது. அதனால் 10 கிராம் தூள் உப்பை நிறுத்து, ஒரு லிட்டர் குறி வரை கரைத்து, அதிலிருந்து 100 மில்லி எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்குங்கள். இப்போது லிட்டருக்கு 1 கிராம். 25 டிகிரி வெப்பத்தில் மீட்டர் 1000-ஐ ஒட்டிக் காட்டினால் காரணி 0.5, 1400-ஐ ஒட்டினால் 0.7. நோட்டின் அட்டையிலேயே இதை எழுதிவிடுங்கள். இந்தக் கரைசலை மூடி வைத்து மாதம் ஒருமுறை சோதியுங்கள். எண் நகர்ந்திருந்தால் மின்முனை அழுக்கு, அல்லது பேட்டரி தீர்ந்தது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வெதுவெதுப்பாக வரும் தண்ணீரை நிழலில் ஆறவிட்டு அளப்பது நல்லது.

தண்ணீர் மாதிரி எடுப்பதில் மூன்று சின்ன விஷயங்கள். மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக் குழாயில் பிடிக்காமல் மோட்டார் வாயிலேயே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தேங்கியதையோ மாடித் தொட்டியில் கலந்ததையோ அளப்பீர்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாதீர்கள், மூடிகள் மாறிப்போகும்.

இன்னொன்று: மீட்டர் எவ்வளவு உப்பு என்று சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் மொத்தக் கரைந்த திடப்பொருளுக்கு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது. நைட்ரேட்டுக்கு 45 மி.கி.தான், அதில் தளர்வே கிடையாது. மாட்டுக்கொட்டகைக்கும் கக்கூஸ் குழிக்கும் பக்கத்தில் உள்ள கிணறு 400 காட்டி, ருசியாகவும் இருந்து, நைட்ரேட்டில் தோற்கலாம். ‘டி.டி.எஸ். குறைவு, ஆகவே குடிக்க உகந்தது’ என்ற முடிவை எந்த நோட்டில் கண்டாலும் சிவப்பு மையால் சுழியுங்கள். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளானால் குளோரைடு வரை போகலாம். 50 மில்லி நீரில் சில சொட்டுப் பொட்டாசியம் குரோமேட் விட்டு, 0.0141 நார்மல் வெள்ளி நைட்ரேட்டை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் முதல் கணம்தான் முடிவு. காய்ச்சி வடித்த நீருக்கும் இதே போலச் செய்து, அதற்குச் செலவான அளவைக் கழித்து, மிச்சத்தைப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் குளோரைடு. அடர்ந்த சிவப்பு வரும்வரை விடும் பழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு, அது தவறு. கையில் பட்டால் கறை ஒரு வாரம் போகாது. மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்க்க வேண்டும், குரோமேட் நஞ்சு. தண்ணீரைக் காக்கும் ஆய்வில் சாக்கடையில் குரோமியம் விடலாகாது.

இனி எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு. கொங்கு நாட்டுப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாதது. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. மண் வாய்க்கால், கசியும். கசிவை நிறுத்தக் கான்கிரீட் போட வேண்டும் என்று ஒரு தரப்பு. அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது, போடாதே என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பிலும் விவசாயிகளே நிற்கிறார்கள். இதில் பள்ளிப்பிள்ளைகள் பக்கம் சேர வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எந்தக் கிணறு, எத்தனை நாளில், எத்தனை அடி ஏறுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லட்டும்.

வாய்க்கால் நிலத்தின் சமமட்டத்தை ஒட்டி வளைந்து போகிறது. ஆயக்கட்டு, அதாவது வாய்க்கால் பாசன நிலம், அதன் கீழ்ப்புறம், சரிவில் தாழ்ந்த பக்கம். மேல்புறம் காடு, கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்ப்புறத்தில் வாய்க்காலிலிருந்து 100 மீட்டர், 500 மீட்டர், 1500 மீட்டர் தள்ளி மூன்று திறந்தவெளிக் கிணறுகள், மேல்புறத்தில் இரண்டு. மேல்புறக் கிணறுகளுக்குக் கசிவு ஏறிப் போகாது. அதனால் அவைதான் ஒப்பீட்டுக் கிணறுகள். அவை இல்லாத ஆய்வு ஒன்றுமில்லை: மழையால் ஏறியதா, வாய்க்காலால் ஏறியதா என்று பிரிக்க வழியிருக்காது. தண்ணீர் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறக்கும். ஜூலை முதல் வாரமே அளக்கத் தொடங்கிவிட வேண்டும், திறப்பதற்கு முன்னால் குறைந்தது ஆறு அளவாவது கையில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் பிடித்தால் எல்லாக் கிணறும் சேர்ந்து ஏறும். ஆகவே ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரையிலான எட்டு, ஒன்பது வாரங்கள்தான் ஆய்வின் உயிர். அந்த வாரங்களில் காலாண்டுத் தேர்வு வரும். அளவு நின்றுபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

அளக்கும் முறை: 30 மீட்டர் நாடா ஒன்று, அதன் நுனியில் ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரைத் தலைகீழாகக் கட்டுங்கள். இறக்கும்போது டம்ளரின் வாய் தண்ணீரைத் தொட்டதும் ‘பளக்’ என்று ஒரு சத்தம் வரும். இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் சத்தம் வரும் இடம் துல்லியமாகப் பிடிபடும். நாடாவின் பூஜ்யத்துக்கும் டம்ளர் வாய்க்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் எல்லா அளவும் ஒரு சாணாவது தப்பும். கைப்பிடிச் சுவரில் ஒரு குறி போட்டு எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும், சுவர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை ஒருமுறை அளந்து முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். இரண்டு முறை அளந்து 2 செ.மீ.க்குள் ஒத்துவந்தால் சரி, இல்லாவிட்டால் மூன்றாவது முறை.

எப்போது அளப்பது என்பதில்தான் பெரிய பிழை. மோட்டார் ஓடி முடித்த கிணறு நாலைந்து அடி இறங்கியிருக்கும், பிறகு ஊறி ஏறும். த்ரீ-பேஸ் கரண்ட் வரும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும் ஊர்களில், ‘காலை 7 மணி’ என்று குறித்து வைத்தால் மட்டும் போதாது. ‘கடைசியாக மோட்டார் நின்றது எப்போது?’ என்று தோட்டத்துக்காரரைக் கேட்டு ஒரு பத்தியில் எழுத வேண்டும். எட்டு மணி நேரமாவது ஓய்ந்த கிணற்றின் அளவுதான் ஒப்பிடத் தக்கது. மற்றவற்றை அழிக்காமல், வட்டமிட்டு விட்டுவிடலாம்.

பாறை நாடு நம்முடையது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறு வேறு வெடிப்பில் ஊறும். 500 மீட்டர் கிணறு ஏறாமல் 1500 மீட்டர் கிணறு ஏறினால் பிள்ளைகள் எண்ணைத் திருத்திவிடுவார்கள், ‘சரியாக வரவில்லை’ என்று. திருத்தவிடாதீர்கள். அதைவிட முக்கியமாக, ஐந்து கிணற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி போடவிடாதீர்கள். நெல் வயலில் நின்ற தண்ணீரும் இறங்கிக் கிணற்றை ஊற வைக்கும் என்பதால், ஏறியது முழுக்க வாய்க்கால் கசிவே என்றும் சொல்ல முடியாது. எந்த வயலில் எப்போது தண்ணீர் கட்டினார்கள் என்ற ஒரு பத்தி இருந்தால் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதையும் பிரித்துப் பார்க்கலாம்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஆய்வுக்கு ஆகாது. பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் அளக்கக் கூடாது. படியில் இறங்குவது கூடவே கூடாது. கைவிட்ட போர்க்குழி (ஆழ்துளைக் கிணறு) கண்ணில் பட்டால் அளக்க வேண்டாம். மூடி இல்லாவிட்டால் அன்றே ஊராட்சியில் சொல்ல வேண்டும்.

திறந்தவெளிக் கிணறே இல்லாமல், எங்கு பார்த்தாலும் ஆயிரம் அடி போர் என்று ஆகிவிட்ட ஊர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மோட்டார், குழாய், கேபிள் என்று நிறைந்த ஆறரை அங்குலக் குழிக்குள் நாடா விடாதீர்கள், சிக்கிக்கொண்டால் மோட்டாரை எடுக்கும் செலவு உங்கள் தலையில். அதற்குப் பதில் நினைவுகளைச் சேகரியுங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் அடிக்கணக்கில் காசு வாங்குகிறார்கள், ஆகவே எத்தனை அடி என்பதை எந்த விவசாயியும் மறப்பதில்லை, பலர் பில்லையும் வைத்திருப்பார்கள். எந்த ஆண்டு போட்டது, மொத்தம் எத்தனை அடி, முதல் தண்ணீர் எத்தனையாவது அடியில் பட்டது, மேல் மண் சரியாமல் இறக்கும் கேசிங் குழாய் எத்தனை அடி: நாலு கேள்வி. ஒரு ஊரில் நாற்பது போர் கேட்டால் முப்பது ஆண்டுச் சரித்திரம் ஒரு தாளில் வந்துவிடும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இன்று ஓடுகிற போரை மட்டும் கேட்டால், தண்ணீர் வராமல் மூடிய போர்கள் கணக்கிலேயே வராது. ஊர் உண்மையைவிடச் செழிப்பாகத் தெரியும். ‘புகை மட்டும் வந்த போர் எத்தனை?’ என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும் முறையும் முக்கியம், அது ஒரு குடும்பத்தின் நஷ்டக் கணக்கு. இன்னொன்று, பழைய வண்டிகளால் அவ்வளவு ஆழம் போக முடியாது. ஆழம் கூடியதெல்லாம் நீர்மட்டம் இறங்கியதால் என்று ஒரே கோட்டில் எழுதிவிட வேண்டாம். முதல் தண்ணீர் பட்ட அடிதான் நம்பகமான எண்.

மழைமானி இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது. வாயின் விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் ஒன்றைத் தேடுங்கள். அதன் பரப்பு 100 சதுர செ.மீ. வரும், 10 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்துக்கடை ஊசிக்குழலால் அளந்துவிடலாம். ஒரு லிட்டர் பாட்டில் 100 மி.மீ. வரை தாங்கும், நம் பக்கத்துக்கு ஏறக்குறைய எல்லா நாளும் போதும். பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப் போல இருமடங்கு தள்ளி வைக்க வேண்டும், மொட்டைமாடி ஓரத்தில் வைத்தால் காற்று மழையைத் தள்ளிவிடும். தினமும் காலை 8.30-க்குப் படிக்க வேண்டும். ஞாயிறும் மழை பெய்யும். ஆகவே பள்ளியில் வைக்காமல் ஒரு மாணவர் வீட்டில் வையுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0 போட வேண்டும். வெற்றிடம் என்றால் அன்று படிக்கவில்லை என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மேற்படிப்பில் பாதி வேலை மிச்சம்.

பள்ளிக் கட்டடத்திலேயே முடிக்கக்கூடிய ஒன்றும் சொல்கிறோம். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். குழாய் இருக்கும், குழி இருக்கும், நடுவில் இணைப்பு இருக்காது. 200 சதுர மீட்டர் கூரையில் 650 மி.மீ. மழை விழுந்து அதில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலே 1,04,000 லிட்டர். மாடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் குழியில் வந்து விழுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. வந்தால், குழியில் 200 லிட்டர் விட்டு எத்தனை நிமிடத்தில் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது அடுத்தது. தெருவில் இருபது வீட்டுக்கு இதைச் செய்தால் மாவட்ட அளவுக்குப் போகும் ஆய்வு அது.

ஆற்றைத்தான் எடுப்போம் என்றால், நொய்யலில் இறங்க வேண்டாம், பாலத்திலிருந்தோ தடுப்பணை மேலிருந்தோ செய்யலாம். வெறும் உப்பின் செறிவை மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை. வெள்ளத்தில் எண் குறைந்தால் ஆறு சுத்தமானதாகாது. ஓட்டத்தையும் அளக்க வேண்டும். எலுமிச்சம்பழம் ஒன்றை விட்டு 10 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறது என்று பாருங்கள். கணக்குக்கு வைத்துக்கொண்டால்: 25 நொடி, அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் நொடிக்கு 816 லிட்டர். லிட்டருக்கு 1.5 கிராம் உப்பு இருந்தால் மணிக்கு 4.4 டன் உப்பு அந்தப் பாலத்தைக் கடக்கிறது. ‘1500 பி.பி.எம்.’ என்றால் சும்மா தலையாட்டும் கூட்டம், லாரிச் சுமை என்றால் நிமிர்ந்து உட்காரும்.

காங்கேயம் பக்கத்துப் பள்ளிகள் கொறங்காட்டை விட்டுவிட்டு ஏன் பசுமைக்குடில் மாதிரி செய்கின்றன என்பது எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் என்று நூற்றாண்டுகளாக ஓடும் ஒரு மேய்ச்சல் முறை வாசலில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்தை வைத்துப் புல்லை எண்ணலாம். சட்டத்தைத் ‘தோராயமாக’ வீசாமல் சீட்டுக் குலுக்கி இடம் எடுக்க வேண்டும், வீசுகிற கை எப்போதும் புல் செழித்த பக்கமே போகும். நஞ்சராயன் குளம், வெள்ளோடு பறவைச் சரணாலயங்களுக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் மாதம் இருமுறை ஒரே கரையில் ஒரே அரைமணி நேரம் நின்று பறவை எண்ணினால் போதும். மரம் நட்ட ஆய்வுக்கு நட்ட எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், இரண்டாம் கோடை தாண்டி நிற்பதை எண்ணச் சொல்லுங்கள்.

நிர்வாகத்துக்கு வருவோம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது, தமிழிலேயே ஆய்வு எழுதலாம். மாணவர்களின் புதுச் சிந்தனைகளுக்கான ஒன்றிய அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. வாய்ப்புக்குப் பஞ்சமில்லை, காலண்டர்தான் கோளாறு. ஜூன் மாதத்திலேயே இடத்தையும் முறையையும் முடிவு செய்துவிடுங்கள். சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், தலைப்பு எதுவாக வந்தாலும் கிணற்று நோட்டு அதில் பொருந்தும்.

நடுவர்களே, நூறு மதிப்பெண்ணில் நாற்பதை நோட்டுக்கு ஒதுக்குங்கள். அழகுப்படியெடுத்த நோட்டு வேண்டாம், கிணற்றுமேட்டில் எழுதி மழையில் நனைந்த முதல் நோட்டு. அடித்தல் திருத்தல் இருக்க வேண்டும். பேனா ஒன்றாகவே இருந்தால், எழுத்து ஒரே சீராக இருந்தால், அது ஒரே இரவில் எழுதியது. தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் எங்காவது கண்டால் ‘எந்த நாடாவில் அளந்தாய், கண்ணு?’ என்று கேளுங்கள். மேடைப் பேச்சுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். போன ஆண்டு நோட்டைத் தொடர்ந்த குழுவுக்குத் தனியாகப் பதினைந்து. ‘இது புதுத் தலைப்பு இல்லையே’ என்று மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டோடு விட்டுவிடுங்கள். இரண்டாம் ஆண்டு எண் வந்தால்தான் முதல் ஆண்டு எண்ணுக்கே அர்த்தம் பிறக்கும்.

ஆய்வு முடிந்ததும் நோட்டின் ஒரு படி பள்ளி நூலகத்தில், ஒரு படி ஊராட்சியில். கிணற்றுக்காரர் பெயர் வேண்டாம், எண் போதும். உப்பு கூடிய கிணறு என்று தெரிந்தால் நிலத்தின் விலை பேசுகிறவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். எந்த எண் எந்தக் கிணறு என்ற பட்டியல் வழிகாட்டி ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. பிள்ளைகளுக்கு அங்கே வாக்கில்லை, ஆனால் தாயோ தகப்பனோ ஆசிரியரோ அந்த ஆண்டின் கிணற்று அளவுகளை வாசிக்கலாம். ஐந்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
நீர், மண் அளவீடுகளில் மாணவர்களுக்கு உதவிவரும் கொங்கு மண்டல ஆசிரியர்கள், ஆய்வகத்தினர் சிலர்

பின்குறிப்பு: கைப்பிடிச் சுவரில் போடும் சிவப்புப் பெயின்ட் குறி ஒரே கோடையில் மங்கிவிடும். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வேறு இடத்திலிருந்து அளந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். தோட்டத்துக்காரரிடம் கேட்டு, உளியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு அதன்மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.